ஒரு முனையில் 1, மறுமுனையில் 10: தானாக இறங்கி வருமா?

பிப்ரவரி 3 (வந்த கேள்வி)

புதிய நெட்வொர்க் ஸ்விட்சில் (கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) இருப்பவை எல்லாம் 10 கிகாபிட் எஸ்எஃப்பி+ போர்ட்கள், அதாவது மாட்யூல் செருகும் வாய்கள். பழையதில் இருப்பது 1 கிகாபிட் எஸ்எஃப்பி போர்ட். புதியதில் 10 கிகாபிட் எல்ஆர் மாட்யூலையும் பழையதில் 1 கிகாபிட் எல்எக்ஸ் மாட்யூலையும் செருகியிருக்கிறேன் (மின் துடிப்பை ஒளியாகவும் ஒளியை மின் துடிப்பாகவும் மாற்றும் நெடுந்தூர வகைகள்). இரண்டின் ஒளியும் 1310 நானோமீட்டர் அலைநீளம். நடுவில் சிங்கிள் மோட் ஃபைபர், அதாவது நெடுந்தூரத்துக்கான கண்ணாடி இழை. சாதாரண நெட்வொர்க் கேபிளில் நடப்பதுபோல இரு முனைகளும் பேசிக்கொண்டு தாழ்ந்த வேகத்துக்கு இறங்கிவிடும் என்பது என் கணக்கு. ஆனால் இரண்டு பக்கமும் விளக்கு எரியவில்லை. மாட்யூல் பழுதா?

பிப்ரவரி 3, மாலை

மாட்யூல் பழுதில்லை, கணக்குதான் பிழை.

நீங்கள் சொல்லும் சாதாரண நெட்வொர்க் கேபிளை (ஆர்ஜே45) செருகியதும் இரு முனைகளும் சிறு துடிப்புகளை அனுப்பி, "எனக்கு 10, 100, 1000 தெரியும், உனக்கு?" என்று கேட்டுக்கொள்கின்றன. இரண்டுக்கும் தெரிந்தவற்றில் எது உயர்ந்ததோ அது முடிவாகிறது. இந்தச் சொகுசில் பழகிப்போனதால் எல்லா இணைப்பும் இப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். ஃபைபரில் வேகத்தைப் பற்றிய பேரம் கிடையாது. 1 கிகாபிட் ஒளி இணைப்பில் ஆட்டோ நெகோஷியேஷன் (தானாகப் பேசி முடிவெடுப்பது) என்று ஒன்று உண்டு. அது இருவழிப் போக்கையும் ஓட்டக் கட்டுப்பாட்டையும் பற்றிப் பேசும், வேகத்தைப் பற்றி வாயே திறக்காது. 10 கிகாபிட் ஒளி இணைப்பில் அதுவும் இல்லை.

உங்கள் பழைய ஸ்விட்ச் 8 பிட் தகவலை 10 பிட்டாக்கி நொடிக்கு 125 கோடி துடிப்புகளை அனுப்புகிறது. புதியது 64 பிட்டை 66 ஆக்கி நொடிக்கு 1031 கோடியே 25 லட்சம் துடிப்புகளை அனுப்புகிறது. இரண்டும் 1310 நானோமீட்டர் என்றால் இருவரும் ஒரே நிற மையில் எழுதுகிறார்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். எழுத்தும் வேறு, எழுதும் வேகமும் வேறு.

புதிய ஸ்விட்சில் அந்த 10 கிகாபிட் மாட்யூலைக் கழற்றிவிட்டு 1 கிகாபிட் எல்எக்ஸ் ஒன்றைப் போடுங்கள். எல்ஆர் மாட்யூலால் 1 கிகாபிட் ஓட்டவே முடியாது.

பிப்ரவரி 3, இரவு

கழற்றும் முன் ஒரு வேலை. இரு பக்கமும் உள்வரும் ஒளியின் அளவை ஸ்விட்சில் கேட்டுப் பாருங்கள். மைனஸ் 5, மைனஸ் 7 டிபிஎம் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) என்று நல்ல எண்ணாகவே வரும் என்று நினைக்கிறேன். ஒளி வந்தும் இணைப்பு எழவில்லை என்றால் ஃபைபரைத் துடைத்துக்கொண்டு உட்காராதீர்கள். வேகம், குறியீட்டு முறை, பிழைதிருத்தம் இவற்றில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை. ஒளியே வரவில்லை என்றால்தான் ஃபைபர், இணைப்பான், இடவலம் மாறிய ஜோடி ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும்.

பிப்ரவரி 4

நேற்று "ஓட்டவே முடியாது" என்று எழுதியது அவசரம். படித்த ஒருவர், தன் ஸ்விட்சில் 10 கிகாபிட் எல்ஆர் மாட்யூலில் 1 கிகாபிட் இணைப்பு மாதக்கணக்காக ஓடுகிறது என்று சொல்லிவிட்டார். யோசித்தால் அவர் சொல்வது சரி.

மாட்யூலுக்குள் என்ன இருக்கிறது? ஒரு லேசர், அதைத் தூண்டும் சுற்று. மறுபுறம் ஒளியைப் பிடிக்கும் டயோடு, அதன் பின்னால் ஒரு பெருக்கி. போதாததற்குத் தன் பெயரைச் சொல்லும் ஒரு சிறிய நினைவகம். பிட்களை எண்ணுவது, குறியீட்டு முறையை முடிவுசெய்வது எல்லாம் ஸ்விட்சின் சிப். சாதாரண 10 கிகாபிட் எல்ஆர் மாட்யூலுக்குள் கடிகாரம்கூடக் கிடையாது. போர்ட் 125 கோடி துடிப்பு கொடுத்தால் லேசர் 125 கோடி முறை துடிக்கும். கேள்வி கேட்காது.

ஆகவே "இது 10 கிகாபிட் மாட்யூல்" என்பதை, "இது 10 வரை தாங்கும் என்று தயாரிப்பாளர் சோதித்துக் கையெழுத்திட்டிருக்கிறார்" என்று படிக்க வேண்டும். மேலே உச்சவரம்பு இருக்கிறது. கீழே எவ்வளவு தூரம் இறங்கும் என்பதற்கு யாரும் கையெழுத்திடவில்லை.

எதிர்த்திசையில் இந்தச் சலுகை இல்லை. 1 கிகாபிட் மாட்யூலின் பெருக்கி 125 கோடிக்கு ஏற்ற அலைவரிசை அகலத்தோடு செய்யப்பட்டது. அதில் 1031 கோடியை ஊட்டினால் துடிப்புகள் ஒன்றோடொன்று குழைந்துவிடும்.

பிறகு ஏன் எல்லா ஸ்விட்சிலும் எல்ஆர் 1 கிகாபிட்டில் ஓடுவதில்லை? போர்ட் விடாது. மாட்யூலின் நினைவகத்தைப் படித்து, "10 கிகாபிட் எல்ஆர்" என்று கண்டதும் போர்ட்டை 10இல் பூட்டிவைக்கும் ஸ்விட்ச்கள் ஏராளம். வேகத்தை 1000 என்று மாற்றச் சொன்னால் கட்டளையையே மறுக்கும். அந்த வாசகரின் ஸ்விட்ச் தாராள மனசு படைத்தது. இரண்டு வேகமும் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் 1, 10 என இரண்டையும் தன் நினைவகத்தில் எழுதிவைத்திருக்கும் இரட்டை வேக மாட்யூலை வாங்குவதே வழி. அவற்றில் சிலவற்றில் போர்ட் ஒரு தொடுமுனை வழியாக, அல்லது நினைவகத்தில் ஒரு பிட்டை மாற்றி, எந்த வேகம் என்று சொல்லும். பெருக்கி அதற்கேற்பத் தன் அகலத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பிப்ரவரி 5

வேகம் பேசாது என்று இப்போது பாடம் நடத்துகிற நான் இதை எப்படிக் கற்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இரவில் நெட்வொர்க்கை நிறுத்திவைத்துச் செய்யும் வேலை. பழைய ஸ்விட்சிலிருந்து பதினொரு 1 கிகாபிட் ஃபைபர் இணைப்புகளைப் புதியதற்கு மாற்ற வேண்டும். புதியதில் எஸ்எஃப்பி+ போர்ட்கள். பழைய எஸ்எஃப்பி மாட்யூல்களையே கழற்றி அதில் செருகினேன். கூடு ஒரே அளவு, கொக்கி "கிளிக்" என்று விழுந்தது. ஸ்விட்ச் மாட்யூலின் பெயரையும் வரிசை எண்ணையும் அழகாகக் காட்டியது. பெயரைக் காட்டிவிட்டதே என்று நம்பினேன். அந்த நம்பிக்கைதான் கெடுத்தது. பதினொன்றில் ஒன்றுகூட எழவில்லை.

ஃபைபர் முனையைத் துடைத்தேன். ஜோடியை மாற்றிச் செருகினேன். மாட்யூலை மாற்றினேன். மாற்றியதை மறுபடி மாற்றினேன். நள்ளிரவு தாண்டியதும் ஸ்விட்சின் மென்பொருளில் கோளாறு என்று ஒரு கோட்பாடு உருவாக்கி, அதை உறுதிப்படுத்தும் ஆதாரங்களைத் தேட ஆரம்பித்தேன். மறுமுனையில் தொலைபேசியில் இருந்த தம்பி நெடுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், அந்த போர்ட் என்ன வேகத்தில் இருக்கிறது?" என்று கேட்டான். 10 கிகாபிட் என்று திரையில் கொட்டை எழுத்தில் இருந்தது. பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்.

வேகத்தை 1000 என்று ஒரே வரியில் மாற்றினேன். பத்து இணைப்புகள் எழுந்தன.

பதினொன்றாவது என் பக்கம் எழுந்தது, அவன் பக்கம் எழவில்லை. "சார், இங்கே விளக்கு இல்லை." "எனக்குப் பச்சை எரிகிறதே." இப்படியே கொஞ்ச நேரம். புதிய ஸ்விட்சில் வேகத்தை 1000 என்று கையால் எழுதியதும் அது ஆட்டோ நெகோஷியேஷனையும் சேர்த்து அணைத்துவிட்டது. அவன் பக்கத்துக் கருவி பதிலுக்குக் காத்துக்கொண்டே இருந்தது. அணைத்த பக்கம் ஒளியையும் ஒழுங்கான குறியீட்டையும் கண்டு "எழுந்துவிட்டேன்" என்கிறது, பேச வந்த பக்கம் பதில் வராமல் உட்கார்ந்திருக்கிறது. மற்ற பத்திலும் மறுமுனைக் கருவிகளில் அது முன்பே அணைக்கப்பட்டிருந்ததால் தப்பித்தேன்.

ஒரு பக்கம் எழுந்து மறுபக்கம் படுத்திருக்கும் 1 கிகாபிட் ஃபைபர் இணைப்பைக் கண்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இரு பக்கமும் இயக்கு, இல்லை இரு பக்கமும் அணை.

பிப்ரவரி 6

"லேசர் வருகிறதா என்று கைப்பேசிக் கேமராவில் பார்க்கலாமா?" என்று ஒருவர். 850 நானோமீட்டர் சில கேமராக்களில் மங்கலாகத் தெரியும். 1310 தெரியாது, கேமராவின் சிலிக்கானுக்கு அந்த நிறம் எட்டாது. தெரியவில்லை என்பதால் ஒளி இல்லை என்று முடிவுகட்டிக் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். ஒளி அளவை ஸ்விட்சே சொல்லும்.

பிப்ரவரி 9

"சுருக்கமாக ஒரு விதி சொல்லுங்கள்" என்கிறார்கள். சொல்கிறேன், நாளையே அதை நானே உடைப்பேன்.

எஸ்எஃப்பி 1 கிகாபிட், எஸ்எஃப்பி+ 10 கிகாபிட், எஸ்எஃப்பி28 25 கிகாபிட். மூன்றும் ஒரே கூடு, ஒரே 20 தொடுமுனைகள். மெதுவான மாட்யூல் வேகமான போர்ட்டில் பெரும்பாலும் ஓடும், போர்ட்டின் வேகத்தைக் குறைத்தால். வேகமான மாட்யூலை மெதுவான போர்ட்டில் செருகினால் பெரும்பாலும் ஓடாது; நாலாம் தேதிக் குறிப்பில் சொன்ன தாராள மனசு இருந்தால் தவிர.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

நாளை வரை காத்திருக்கவில்லை. 25 கிகாபிட் போர்ட் 10ஐயும் தாங்கும், பெரும்பாலும் சரி. ஆனால் 25 தெரிந்த போர்ட்டுக்கு 1 தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 10, 25 இரண்டோடு நின்றுவிடும் போர்ட்கள் சர்வர்களின் நெட்வொர்க் அட்டைகளிலும் உண்டு, ஸ்விட்ச்களிலும் உண்டு. அதில் எஸ்எஃப்பியைச் செருகினால் உருவம் பொருந்தும், உயிர் வராது. கருவியின் விவரத்தாளில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் எதிரே எந்தெந்த வேகம் என்று எழுதியிருக்கும். போர்ட்டின் பெயரை விட்டுவிட்டு அந்த வரியைப் படியுங்கள்.

"ஆதரிக்கப்படாத மாட்யூல்" என்ற செய்தி வந்தால் உடனே வேகத்தின் மேல் பழிபோடாதீர்கள். மாட்யூலின் நினைவகத்தில் தயாரிப்பாளர் பெயருக்கென்று 16 பைட் இடம் இருக்கிறது. தனக்குப் பிடித்த பெயர் அங்கே இல்லை என்பதற்காகவே கதவைச் சாத்தும் ஸ்விட்ச்கள் உண்டு. வேகப் பொருத்தமின்மைக்கும் இந்தப் பெயர்த் தீண்டாமைக்கும் சில கருவிகள் ஒரே சொற்களில் திட்டும். எதற்காகத் திட்டு வாங்குகிறோம் என்று தெரியாமல் இரண்டு நாள் போனதுண்டு எனக்கு.

பிப்ரவரி 10

செப்பு மாட்யூலைப் பற்றிக் கேட்டவருக்கு. அதாவது எஸ்எஃப்பி கூட்டில் செருகி ஆர்ஜே45 வாயைக் காட்டும் வகை. மேலே "மாட்யூல் கேள்வி கேட்காது" என்றேன் அல்லவா, இது கேட்கும். இதற்குள் முழுமையான ஒரு செப்பு இணைப்புச் சிப் உட்கார்ந்திருக்கிறது. வெளிக் கேபிளோடு அது ஒரு பேச்சு நடத்தும், போர்ட்டோடு வேறொரு பேச்சு நடத்தும். மத்தளம் மாதிரி, இரண்டு பக்கமும் இடி வாங்கும் பிழைப்பு.

1 கிகாபிட் செப்பு மாட்யூலில் போர்ட்டும் மாட்யூலும் எப்போதும் 125 கோடி துடிப்பில்தான் பேசுகின்றன. எதிர்முனையில் 100 மெகாபிட் கருவி வந்தால் எஸ்ஜிஎம்ஐஐ என்ற முறையில் ஒவ்வொரு பைட்டையும் பத்து முறை திரும்பச் சொல்லிச் சமாளிக்கும், 10 மெகாபிட் என்றால் நூறு முறை. போர்ட்டுக்கு எஸ்ஜிஎம்ஐஐ தெரியாவிட்டால் அந்த மாட்யூல் 1000இல் மட்டும் ஓடும். "100 மெகாபிட் கேமரா இதில் ஏன் எழவில்லை?" என்ற கேள்விக்குப் பாதி நேரம் இதுவே பதில்.

10 கிகாபிட் செப்பு மாட்யூல் தனிக் கதை. 2.5 வாட் அளவுக்கு மின்சாரம் குடிக்கும். எஸ்எஃப்பி+ கூடோ 1 வாட், 1.5 வாட் என்று கணக்குப் போட்டு வரையப்பட்டது. அருகருகே நான்கைச் செருகிவிட்டுக் கொக்கியைத் தொட்டபோது விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். பல ஸ்விட்ச்கள் ஒன்றுவிட்டு ஒன்று செருகச் சொல்வது இதனால்தான். எட்டும் தூரமும் பெரும்பாலும் 30 மீட்டர்தான். சுவரில் இருக்கும் நிலையான 10 கிகாபிட் செப்புப் போர்ட்டுக்குரிய 100 மீட்டரை எதிர்பார்க்க வேண்டாம்.

இதில் ஒரு கண்கட்டு வித்தையும் இருக்கிறது. சில மாட்யூல்கள் கேபிள் பக்கம் 1 அல்லது 2.5 கிகாபிட்டுக்கு இறங்கினாலும் போர்ட் பக்கம் 10ஐ விடாமல் பிடித்துக்கொள்ளும். ஸ்விட்ச் "10 கிகாபிட், எழுந்துள்ளது" என்று காட்டும். உண்மையில் கேபிளில் போவது 1. ஸ்விட்ச் 10இன் தெம்பில் கொட்டும் தகவலை மாட்யூலின் சின்னஞ்சிறு நினைவகம் தாங்க வேண்டும். நிறுத்தச் சொல்லும் தகவல் பொட்டலத்தை மாட்யூல் அனுப்பும், போர்ட் அதைக் கேட்காவிட்டால் மீதியைக் கீழே சிந்தும். ஸ்விட்சின் பிழைக் கணக்கில் எதுவும் ஏறாது, பயன்படுத்துபவர் மட்டும் "மெதுவாக இருக்கிறது" என்பார். மறுமுனைக் கருவியில் வேகம் என்ன என்று பார்ப்பதுதான் இதைப் பிடிக்கும் வழி.

பிப்ரவரி 14

25 கிகாபிட் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இதில் நான் பட்டது இரண்டு.

முதலாவது. ஒரு ஸ்விட்சில் 9ஆம் போர்ட்டை 25இலிருந்து 10க்கு மாற்றினேன். 10, 11, 12 மூன்றும் சேர்ந்து விழுந்தன. அவற்றில் 25 கிகாபிட் மாட்யூல்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஸ்விட்சில் நான்கு போர்ட்கள் ஒரு குழு. நான்கும் ஒரே வேகத்தில்தான் இருக்கும், ஒருவர் இறங்கினால் மற்றவரும் இறங்க வேண்டும். எல்லாக் கருவிகளும் இப்படி இல்லை. இப்படி இருப்பவை குறைவும் இல்லை. மாட்யூலைச் செருகும் முன் குழுவைப் பாருங்கள். 10க்கு ஒரு குழு, 25க்கு ஒரு குழு என்று முன்கூட்டியே பிரித்துவைத்தால் பகல் நேரத்தில் போர்ட்டைத் தொட்டுவிட்டு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியிராது.

இரண்டாவது, எஃப்இசி எனும் பிழைதிருத்தம். 25 கிகாபிட்டில் துடிப்புகள் இவ்வளவு நெருங்கிவிட்டதால் வழியில் சில கெடும் என்று எடுத்துக்கொண்டே கட்டியிருக்கிறார்கள். ஆர்எஸ் எஃப்இசி முறையில் 514 குறிகளோடு 14 கூடுதல் குறிகளைச் சேர்த்து 528 ஆக அனுப்புவார்கள், அதில் 7 வரை கெட்டாலும் மீட்டுவிடலாம். 25 கிகாபிட் எஸ்ஆர் (குறுந்தூர வகை) மாட்யூலுக்கு இது கட்டாயம். குட்டையான டிஏசி கேபிளுக்கு (இரு முனையிலும் மாட்யூல் தலை பொருத்தியே வரும் செப்புக் கேபிள்) இல்லாமலும் நடக்கும். பேஸ்-ஆர் எஃப்இசி என்று இன்னொரு இலகுவான வகையும் உண்டு. ஆக மூன்று தேர்வுகள்: ஆர்எஸ், பேஸ்-ஆர், எதுவுமில்லை. இரு முனையும் ஒன்றையே தேர்ந்திருக்க வேண்டும். ஸ்விட்ச் ஆர்எஸ் என்றும் சர்வர் எதுவுமில்லை என்றும் இருந்தால் வேகம் 25க்கு 25, மாட்யூல் சரி, ஒளி சரி, இணைப்பு மட்டும் இல்லை.

பிப்ரவரி 14, பின்குறிப்பு

"ஃபைபரில் பேரம் கிடையாது" என்று மூன்றாம் தேதி எழுதியதை டிஏசிக்கும் நீட்டிவிடாதீர்கள். 25 கிகாபிட் டிஏசியில் பேரம் உண்டு. வேகத்தையும் பிழைதிருத்தத்தையும் இரு முனைகளும் பேசிக்கொள்ளலாம். அதனால்தான் டிஏசியில் தானாக எழுந்த அதே இரு போர்ட்களுக்கு நடுவே ஃபைபர் போட்டதும் எழாமல் போகிறது. நேற்றுவரை அவர்களே பேசி முடித்துக்கொண்டதை இன்று நீங்கள் கையால் எழுத வேண்டும். 10 கிகாபிட் டிஏசியில் வழக்கமாக இந்தப் பேச்சு இல்லை.

பிப்ரவரி 15

அடையாளச் சீட்டு உரிந்துபோன மாட்யூல்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தால் வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? லினக்ஸ் இயந்திரத்தில் செருகி ஈத்டூல் கட்டளையால் நினைவகத்தைப் படித்தால் பொருள்பிரித்தே காட்டும். நான் கெட்டிக்காரன் என்ற நினைப்பில் அச்சுப் பிரதியைப் பச்சையாகப் படிக்கப் போய் அசடு வழிந்த கதை இது.

அந்த நினைவகத்தின் 12ஆம் பைட், வேகத்தை நொடிக்கு 10 கோடி துடிப்பு என்ற அலகில் சொல்கிறது. 1 கிகாபிட் மாட்யூலில் அங்கே 13 இருக்கும், சிலவற்றில் 12. 10 கிகாபிட்டில் 103. பதினாறடிமான எண்ணாக எழுதினால் 67. அச்சில் 67ஐக் கண்டேன், "10 கிகாபிட்" என்று எழுதி ஒட்டி 10 கிகாபிட் பெட்டியில் போட்டேன். இப்படி ஆறு.

ஒரு பைட்டில் 255க்கு மேல் எழுத முடியாது. 25 கிகாபிட்டுக்கு 12ஆம் பைட்டின் அலகில் 258 வேண்டும், இடம் போதாது. ஆகவே 12இல் 255ஐ எழுதிவிட்டு, "66ஆம் பைட்டைப் பார்" என்று அர்த்தம் வைத்திருக்கிறார்கள். 66இல் அலகு 25 கோடி துடிப்பு. 2578 கோடியை 25 கோடியால் வகுத்தால்? 103. மறுபடியும் அதே 67!

அச்சில் வரிக்கு 16 பைட், நான் கண்ட 67 ஐந்தாவது வரியில் இருந்தது. முதல் வரியில் 12ஆம் இடத்தில் 255 உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும். ஆறில் நான்கு 25 கிகாபிட் மாட்யூல்கள். 10 கிகாபிட் போர்ட்களில் போட்டுப் பார்த்து, எழாததால் பழுதென்று ஒதுக்கியிருந்தார்கள்.

பிப்ரவரி 16

நேற்றைய குறிப்பைப் படித்தவர் மடக்குகிறார்: 25 கிகாபிட் மாட்யூல் 10 கிகாபிட் போர்ட்டில் ஏன் எழவில்லை, எல்ஆர் மட்டும் 1இல் ஓடியதே, லேசர் கேள்வி கேட்காது என்றீர்களே?

நல்ல மடக்கு. 25 கிகாபிட் மாட்யூல்களில் பொதுவாகத் துடிப்பைச் செம்மைப்படுத்தும் கடிகாரச் சுற்று உள்ளேயே இருக்கிறது. அது 2578 கோடியில் பூட்டிக்கொள்ளக் காத்திருக்கும், 1031 கோடியைக் கண்டால் பூட்டாது. அந்தச் சுற்றைத் தாண்டிவிடச் சொன்னால்தான் 10 ஓடும். 10, 25 இரண்டும் எழுதிய இரட்டை வேக மாட்யூல்களுக்கு அந்தத் தாண்டல் தெரியும், போர்ட்டும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நாலாம் தேதி "மாட்யூலுக்குள் கடிகாரம் கிடையாது" என்று எழுதியது எல்ஆர் அளவில் சரி, எல்லாவற்றுக்கும் அல்ல.

பிப்ரவரி 21

வேகத்தை ஏற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இரு முனையிலும் குறுந்தூர வகையான 1 கிகாபிட் எஸ்எக்ஸைக் கழற்றிவிட்டு 10 கிகாபிட் எஸ்ஆரைப் போட்டேன், இணைப்பு எழுகிறது, பிழைகள் கொட்டுகின்றன என்கிறார் ஒருவர். ஃபைபர் ஆரஞ்சு உறை, உட்கரு 62.5 மைக்ரான், நீளம் 180 மீட்டர். போர்ட்டும் மாட்யூலும் பொருந்திவிட்டன, கண்ணாடி பொருந்தவில்லை. அந்தப் பழைய ஃபைபரில் எஸ்எக்ஸுக்கு 200 மீட்டருக்கு மேல் அனுமதி உண்டு. எஸ்ஆருக்கு 33 மீட்டர். எழுந்ததே அதிசயம்.

ஓஎம்3 என்ற பிந்தைய வகை ஃபைபர் என்றால் எஸ்ஆர் 300 மீட்டர் போகும். பழைய ஃபைபரை மாற்ற முடியாது என்றால் எல்ஆர்எம் என்ற மாட்யூல் 220 மீட்டர் வரை இழுக்கும். அதற்கும் ஒரு கொக்கி: வந்து சேரும் கலங்கலான துடிப்பைத் தெளியவைக்கும் வேலையை அது போர்ட்டின் தலையில் கட்டுகிறது. எல்லா எஸ்எஃப்பி+ போர்ட்டுக்கும் அது தெரியாது.

மார்ச் 2

40, 100 பக்கம் இழுக்கிறார்கள். சுருக்கமாக முடிக்கிறேன்.

க்யூஎஸ்எஃப்பி+ என்ற பெரிய மாட்யூல் நான்கு 10களைக் கட்டி 40. க்யூஎஸ்எஃப்பி28 நான்கு 25களைக் கட்டி 100. கூடு ஒன்றே. 100 போர்ட்டில் 40 மாட்யூல் பெரும்பாலும் ஓடும், 40 போர்ட்டில் 100 மாட்யூல் ஓடாது. கட்டை அவிழ்த்து 40ஐ நான்கு 10 ஆகப் பிரிக்கலாம், போர்ட்டிடம் அதைச் சொல்ல வேண்டும்; நான்கு தலைக் கேபிளைச் செருகியதாலேயே அது பிரியாது. பிரிக்கும்போது பக்கத்துப் போர்ட் ஒன்றைப் பலிகேட்கும் ஸ்விட்ச்களும் உண்டு.

இன்னொன்று, இந்தக் குறிப்புகளின் தலைப்புக்கே ஆப்பு வைக்கும் விஷயம். இரு முனையிலும் 100 கிகாபிட், இரண்டுக்கும் சிங்கிள் மோட் ஃபைபர், ஒரு முனையின் மாட்யூல் எல்ஆர்4 வகை, மற்றது சிடபிள்யூடிஎம்4 வகை. இரண்டும் நான்கு நிறங்களில்தான் அனுப்புகின்றன. முதலாவதின் நான்கும் ஏறத்தாழ 1295க்கும் 1310க்கும் இடையே நெருங்கி நிற்பவை. மற்றதன் நிறங்கள் 1271, 1291, 1311, 1331. வேகத்தில் குறையே இல்லை, ஆனாலும் ஓடாது. ஒரே நிற மையில் எழுதுவது போதாது என்று மூன்றாம் தேதி சொன்னேன். அதுவும் இல்லாமல் முடியாது என்று இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 9

முதலில் கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். இத்தனை நாளும் என்ன செய்தார் என்று நானும் யோசித்தேன்.

எல்ஆரைக் கழற்றாமல் போர்ட் வேகத்தை 1000 ஆக்கப் பார்த்திருக்கிறார், நாலாம் தேதிக் குறிப்பு தந்த ஆசை. அவர் ஸ்விட்ச் கட்டளையை மறுத்துவிட்டது. பிறகு எல்எக்ஸ் மாட்யூல் வரவழைத்துப் போட்டார். உள்வரும் ஒளி மைனஸ் 6.2 டிபிஎம். விளக்கு இல்லை. வேகத்தை 1000 ஆக்கினார். புதிய ஸ்விட்சில் விளக்கு எரிந்தது, பழையதில் எரியவில்லை. "இப்போதாவது மாட்யூல் பழுது என்று ஒப்புக்கொள்வீர்களா?" என்று கேட்டிருக்கிறார்.

ஐந்தாம் தேதிக் குறிப்பில் பதினொன்றாவது இணைப்பைப் படியுங்கள் என்று பதில் போட்டேன்.

மார்ச் 9, இரவு

எழுந்துவிட்டதாம். கழற்றிய எல்ஆரை என்ன செய்வது என்று கேட்கிறார். முதலில் அதன் மேல் "10" என்று எழுதி ஒட்டுங்கள். 12ஆம் பைட்டைப் பார்த்துவிட்டு.